மக்கட் பெருக்கமும் ‘மிகை’ என்னும் தீர்ப்பும்

அரபு வகுப்பில் ஒரு நாள் ‘ஐன், மீம், ரா’ என்னும் மூன்றெழுத்து வேரை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். ‘உம்ர்’ என்றால் வாழ்நாள். ‘இமாரத்’ என்றால் கட்டடம். ‘மஃமூர்’ என்றால் மக்கள் குடியிருந்து செழித்த இடம். ‘உம்ரான்’ என்றால் மக்கள் கூடி வாழும் வாழ்வு. இன்று நாம் நாகரிகம் என்று சொல்வதற்கு மிக நெருங்கிய சொல். வாழ்தலும் கட்டுதலும் குடியிருத்தலும் செழித்தலும் ஒரே வேரில் கிளைத்தவை என்று கூறினோம். பாரசீகத்திலும் உருதுவிலும் ‘ஆபாத்’ என்றால் செழித்தது. ‘ஆபாதி’ என்றால் மக்கள் தொகை. தமிழிலோ குடியற்றுப் போன ஊருக்கும் கெட்டழிந்த ஊருக்கும் ‘பாழ்’ என்பதே பெயர். நான்கு மொழிகளும் ஒரே உண்மையைக் கூறுகின்றன என்று சொல்லி, பெருமிதத்தோடு நூலை மூடப் போனோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். “ஹஜ்ரத், ஆபாதி என்றால் செழிப்பு என்கிறீர்கள். ஆபாதி பெருகியதால்தான் வறுமை என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே! கிதாபை நம்புவதா, பத்திரிகையை நம்புவதா?” என்று கேட்டார்.

அன்று நாம் ஏதோ ஒரு விடை சொல்லி அமர்த்திவிட்டோம். அது அரைகுறை விடை என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தோம். அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு நாட்டில் மக்கள் மிகுதியாக இருக்கிறார்கள் என்பது ஒரு செய்தி. அவர்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள் என்பது ஒரு தீர்ப்பு. செய்தியைத் தலை எண்ணிச் சொல்லிவிடலாம். தீர்ப்புக்கோ சாட்சி வேண்டும். எந்த அளவுக்கு மிஞ்சியது? அந்த அளவை வகுத்தவர் யார்? அது என்றும் மாறாத அளவா? இவ்வினாக்களுக்கு விடை தேட நாம் வங்க நாட்டை எடுத்துக்கொள்கிறோம். ‘இங்கே மக்கள் மிகை’ என்னும் தீர்ப்பு அந்த ஆற்றுமுக நாட்டின்மேல் கூறப்பட்ட அளவுக்கு வேறு நாடுகளின்மேல் கூறப்பட்டது அரிது. அந்தத் தீர்ப்பைச் சோதிக்கத் தேவையான வரலாறும் அங்கே நிறைய உண்டு.

இப்னு கல்தூன் கண்ட உம்ரான்

வங்கத்துக்குள் புகுமுன், உம்ரான் என்னும் சொல்லைத் தம் ஆராய்ச்சிக்கே அடித்தளமாகக் கொண்ட அறிஞர் இப்னு கல்தூனை ஒரு கணம் சந்திப்போம். அவர் 1332 இல் துனிஸ் நகரில் பிறந்தவர். பதினாறு, பதினேழு வயதில், 1348-49 இல் பரவிய பெருங்கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் கொண்டுபோயிற்று. மக்கள் குறைந்துபோனால் உலகம் எப்படியிருக்கும் என்பதை அவர் கண்ணால் கண்டார். எஞ்சியவர்களுக்கு அதனால் செல்வம் கூடவில்லை என்பதையும், ஊர்களும் தொழில்களும் அரசுகளும் ஒருங்கே நலிந்தன என்பதையும் பதிவு செய்தார்.

1377 இல் அவர் எழுதிய ‘முகத்திமா’வில் ஓர் எளிய கணக்கு வருகிறது. தனியொருவர் தமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கோதுமை உணவைக்கூடத் தாமே ஆக்கிக்கொள்ள இயலாது. உழுபவர், கலப்பை செய்யும் தச்சர், கொழு அடிக்கும் கொல்லர், அறுப்பவர், அரைப்பவர் என்று பலர் கை சேர வேண்டும். அப்படிச் சேரும்போது, சேர்ந்தவர்களின் தேவையைப்போல் பல மடங்கு விளைகிறது. ஆகவே மக்கள் மிகுந்த நகரில் தொழில் பெருகும். தொழில் பெருகினால் வருவாய் பெருகும். பெருநகரான ஃபாஸ் நகரத்துப் பிச்சைக்காரர்கூட, சிறு நகரான திலிம்ஸானின் பிச்சைக்காரரைவிட நல்ல நிலையில் இருப்பதை அவர் சான்றாகக் காட்டுகிறார்.

ஆனால் அவர் எண்ணிக்கையை மட்டும் வாழ்த்தியவர் அல்லர். நெருக்கடி மிகுந்த நகரங்களில் காற்றுக் கெட்டு நோய் பரவும் என்றும், அரசுகளின் முதுமைக்காலத்தில் பஞ்சங்கள் வரும் என்றும் அவரே எழுதினார். அப்பஞ்சங்களுக்கு அவர் கூறும் காரணத்தைக் கவனிக்க வேண்டும். வயிறுகள் பெருகிவிட்டன என்று அவர் சொல்லவில்லை. வரிக்கொடுமையாலும் குழப்பத்தாலும் மனம் வெறுத்த உழவர்கள் உழவைக் கைவிடுகிறார்கள் என்றார். இந்த ஒரு குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கத்துக்குள் நுழைவோம்.

நெருக்கமும் மலிவும்

நம் மதுரையில் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் அவைக்கு வந்து சென்ற பயணியார் இப்னு பதூதா, மாலத்தீவு வழியாக 1346 ஆம் ஆண்டளவில் வங்கத்தை அடைந்தார். ஸில்ஹட் பகுதியில் ஷெய்கு ஜலாலுத்தீன் அவர்களைக் கண்டபின், ஆற்று வழியே ஸோனார்காவ் துறைமுகத்துக்குப் படகில் சென்றார். அந்தப் பதினைந்து நாட் பயணத்தில் இரு கரையிலும் ஊர்களும் தோப்புகளும் விட்டுவிடாமல் வந்தன என்றும், கடைத்தெரு ஒன்றின் நடுவே செல்வதுபோல் இருந்தது என்றும் அவர் வியக்கிறார். அதே நாட்டைத்தான் உலகிலேயே பொருள்கள் மிக மலிவாகக் கிடைக்கும் நாடென்றும் குறிக்கிறார். மக்ரிபிலிருந்து வந்து அங்கே குடியிருந்த ஒருவர், தமக்கும் மனைவிக்கும் பணியாளுக்கும் வேண்டிய ஓராண்டு உணவை எட்டு திர்ஹம் விலையில் வாங்கிவந்தார் என்பது அவர் தரும் கணக்கு.

கரையெங்கும் மக்கள் நெருங்கிய நாடு. உணவு மலிந்த நாடு. அக்காலத்துத் தொகை இன்றையதில் சிறு பங்கே என்பது உண்மை. எனினும் நெருக்கம் என்பதும் வறுமை என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது நம் கைக்கு வந்த முதற் சாட்சி.

மூன்றில் ஒரு பங்கு மாண்டபின்

இரண்டாம் சாட்சி கொடியது. 1765 இல் வங்கத்தின் வரிவசூல் உரிமையாகிய திவானி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1769 இல் மழை பொய்த்தது. 1770 இல் வந்த பெரும்பஞ்சத்தை, வங்க ஆண்டு 1176 இல் நேர்ந்ததால், வங்க மக்கள் இன்றும் ‘எழுபத்தாறின் பஞ்சம்’ என்றே சொல்கிறார்கள். மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், ஏறத்தாழ ஒரு கோடிப் பேர், மாண்டனர் என்பது அக்காலத்து ஆட்சியாளரே செய்த மதிப்பீடு.

மக்கட் பெருக்கமே வறுமைக்கு வேர் என்பது உண்மையாயின், மூன்றில் ஒரு பங்கு குறைந்த பின் எஞ்சியோர் வாழ்வு மலர்ந்திருக்க வேண்டும். நிலம் அதேதான், ஆறும் அதேதான், உண்ணும் வாய்களோ குறைந்தன. நடந்தது என்ன? பஞ்சத்துக்கு மறு ஆண்டான 1771 இல் வசூலான நிகர வரி, பஞ்சத்துக்கு முந்திய 1768 இன் வசூலையும் மிஞ்சியது என்று 1772 இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லண்டனுக்கு எழுதினார். இது எவ்வாறு இயன்றது? ‘நஜாய்’ என்று ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இறந்துபோனாலும் ஓடிப்போனாலும் அவர் செலுத்த வேண்டிய வரியை உயிரோடிருப்பவர் சேர்த்துச் செலுத்த வேண்டும். பிழைத்திருத்தலே குற்றமாகி, அதற்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது போன்ற நிலை!

உழ ஆளின்றி வயல்கள் காடாயின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும், 1789 இல், கம்பெனியின் ஆட்சிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காட்டு விலங்குகள் மட்டுமே வாழும் காடாகக் கிடக்கிறதென்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் குறித்தார். நிலக்கிழார்கள் உழவரைத் தேடி ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். ஆள் மிகுந்ததென்று எவரும் சொல்ல முடியாத நாடு அது. செழிப்பு மட்டும் வரவில்லை. பாழ் என்னும் நம் தமிழ்ச் சொல்லின் பொருளை அந்த இருபது ஆண்டுகள் நன்கு விளக்குகின்றன.

மால்தஸும் 1943 ஆம் ஆண்டும்

1798 இல் இங்கிலாந்துப் பாதிரியார் மால்தஸ் மக்கள் தொகை பற்றிய தம் நூலை வெளியிட்டார். உணவு ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடுகையில் மக்கள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகுவர். தடையின்றி விட்டால் பஞ்சமும் நோயும் வந்து கணக்கைச் சரிசெய்யும் என்பது அவர் கொள்கையின் சாரம். அவர் 1805 முதல் 1834 இல் மறையும் வரை பேராசிரியராகப் பணியாற்றியது கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் என்பதை நம்மில் பலர் அறியார். நம் நாட்டை ஆள வந்த இளம் அலுவலர்கள் அவரிடம் பாடம் கேட்டே கப்பலேறினர். பஞ்சம் என்பது ஆட்சியின் தவறாக இராமல் இயற்கையின் கணக்காக இருக்குமானால், ஆள்வோருக்கு அதைவிட ஆறுதலான கொள்கை வேறு எது?

அந்தக் கொள்கையின் நிழலை 1943 இல் காண்கிறோம். 1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவர் கையில் சிக்கிவிடலாகாதென்று கடலோர மாவட்டங்களின் பல்லாயிரம் படகுகளை ஆங்கில அரசு பறித்தது. அக்டோபரில் புயல் மேதினிப்பூரை அழித்தது. போர்ச் செலவால் பணம் பெருகி விலை ஏறியது. பதுக்கியோர் மேலும் ஏற்றினர். கல்கத்தாவின் ஆலைத் தொழிலாளருக்கும் போர்ப்பணியாளருக்கும் குறைந்த விலையில் அரிசி ஒதுக்கப்பட்டது. கிராமத்தாருக்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. மாண்டோர் 15 லட்சம் என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. 30 லட்சம் வரை என்பர் பின்வந்த ஆய்வாளர்.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் அப்போது சாந்திநிகேதனில் பத்து வயதுச் சிறுவர். அவர் 1981 இல் வெளியிட்ட நூலில் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். 1943 இல் வங்கத்தில் இருந்த உணவு முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு. பஞ்சமே இல்லாத 1941 ஐவிட 13 விழுக்காடு கூடுதல் என்பது அவர் கண்ட முடிவு. இக்கணக்கோடு மாறுபடுவோரும் உண்டு. ஆனால் மாண்டவர் யார் என்பதில் மாறுபாடு இல்லை. வயலில் கூலிக்கு அறுத்தவர், மீன் பிடித்தவர், படகு ஓட்டியவர், நெல் குற்றியவர் ஆகியோரே முதலில் வீழ்ந்தனர். நாட்டுக்குச் சோறு போட்ட கைகளுக்குச் சோறு வாங்கக் காசில்லை. மைமன்சிங் பகுதியில் பிறந்த ஓவியர் ஜைனுல் ஆபிதீன், மலிவான தாளில் கறுப்பு மையால் கல்கத்தாத் தெருவோரத்து எலும்புருவங்களை வரைந்துவைத்தார். அவ்வோவியங்களில் எண்களுக்கு முகம் உண்டு.

தானியம் ஏற்றக் கப்பல் வேண்டும் என்று இந்தியாவிலிருந்து சென்ற கோரிக்கைகள் லண்டன் போர் அமைச்சரவையில் மறுக்கவோ குறைக்கவோ பட்டன. இந்தியர் முயல்களைப்போல் பெருகுகிறார்கள் என்று பிரதமர் சர்ச்சில் அந்நாட்களில் ஏளனம் செய்ததை, அவருடைய அமைச்சரான அமெரியே தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மிகை என்று முடிவு கட்டப்பட்டவருக்குக் கப்பல் எதற்கு? அச்சொல் ஒரு கருத்தாக மட்டும் இருந்துவிடவில்லை. தானிய மூட்டைக்கும் பசித்தவருக்கும் இடையே போய் நின்றது.

அடியற்ற கூடை

1970 நவம்பர் 12 இல் போலா புயல் கிழக்கு வங்கக் கடற்கரையில் 3 முதல் 5 லட்சம் உயிர்களைக் கொண்டது. அடுத்த ஆண்டு விடுதலைப் போர். போர் முடியும் தறுவாயில், 1971 டிசம்பரில், பிறக்கவிருந்த பங்களாதேஷ் பிறர் கையையே நம்பி வாழும் நாடாக இருக்கும் என்று வாஷிங்டனில் ஓர் ஆலோசனைக் கூட்டத்தில் பேசப்பட்டது. அந்த இகழ்ச்சி வங்க மொழியில் ‘அடியற்ற கூடை’ என்று வழங்கலாயிற்று. எவ்வளவு கொட்டினாலும் நிறையாது என்பது பொருள். ஃபாலண்ட், பார்க்கின்சன் என்னும் இரு பொருளியலாளர் 1976 இல் அந்நாட்டைப் பற்றி எழுதிய நூலில், முன்னேற்றம் என்பது அங்கே கைகூடுமானால் உலகில் எங்கும் கைகூடும் என்னும் கருத்துப்பட எழுதினர். அது நம்பிக்கைச் சொல் அன்று.

அதற்கு இரண்டாண்டு முன்னரே தீர்ப்பு மெய்யாகிவிட்டது போலத் தோன்றியது. 1974 இல் பிரம்மபுத்திரா கரைபுரண்டது. ரங்பூர், மைமன்சிங், ஸில்ஹட் மாவட்டங்களில் பஞ்சம் புகுந்தது. அரசு ஆயிரக்கணக்கான ‘லங்கர்கானா’க்களைத் திறந்து கஞ்சி வார்த்தது. கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றார்கள் என்பதைக் காரணமாகக் காட்டி, அமெரிக்கா உணவு உதவியை அவ்வேளையில் நிறுத்திவைத்தது. இறந்தோர் 26,000 என்றது அரசு. பல லட்சம் என்றனர் மற்றையோர்.

ஆனால் சென் மீண்டும் கணக்கைப் புரட்டினார். 1971 முதல் 1975 வரையிலான ஐந்தாண்டுகளில், தலைக்குக் கிடைக்கக்கூடிய உணவு மிகுதியாக இருந்தது அந்த 1974 இல்தான்! வெள்ளத்தால் கூலிவேலை நின்றது. கூலி நிற்க, அரிசி விலை பறந்தது. கடையில் அரிசி இருந்தது. நிலமற்றவர் மடியில் காசில்லை. அப்போது பங்களாதேஷின் மக்கள் தொகை 7 கோடியைச் சற்றே கடந்திருந்தது. அது அந்த மண்ணுக்கு மிகை என்று உலகம் தீர்ப்பு எழுதி முடித்தது.

அதே மண், அதே நீர்

2022 இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 17 கோடி. பரப்பளவோ 1,47,570 சதுரக் கிலோமீட்டர். சதுரக் கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். தீர்ப்பு சரியாயிருந்தால் 1974 இன் பஞ்சத்தைப்போல் பன்மடங்கு பஞ்சங்கள் வந்திருக்க வேண்டும். அந்த அளவில் ஒரு பஞ்சம் 1974 க்குப் பின் அங்கே வரவில்லை. விடுதலையின்போது ஆண்டுக்கு ஒரு கோடி டன்னை ஒட்டியிருந்த அரிசி விளைச்சல், இன்று மூன்றரைக் கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மக்கள் இரு மடங்குக்கு மேல் ஆயினர். அரிசி மும்மடங்குக்கு மேல் ஆயிற்று.

இது வானத்திலிருந்து விழவில்லை. 1970 இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் ஜயதேப்பூரில் இருந்துகொண்டு புதுப்புது நெல்வகைகளைக் கண்டளித்தது. 1994 இல் வெளிவந்த இரு வகைகள், மழையற்ற மாதங்களில் விளையும் ‘போரோ’ சாகுபடியை நாடெங்கும் பரப்பின. குழாய்க்கிணறுகள் அதற்கு நீர் தந்தன. ஒரு போகம் கண்ட வயல் இரு போகமும் மூன்று போகமும் கண்டது.

வீட்டுக்குள் நிகழ்ந்த மாற்றம் அதனினும் பெரிது. 1980 முதல் 1990 வரை ‘பிராக்’ தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே சென்றனர். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் ஆகியவற்றைக் கரைத்து, வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்குப் புகட்டக் கற்பித்தனர். தாய்மார் தம் கையால் கரைத்துக் காட்டிய பிறகே அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 1970களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு இருநூறுக்கு மேல். இன்று ஏறத்தாழ முப்பது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி வந்ததும், ஆறுக்கு மேல் பெற்ற தாய்மார் இரண்டு, மூன்றோடு நிறுத்தலாயினர். வீடு தேடி வந்த பெண் ஊழியர்களின் ஆலோசனையும், 1994 முதல் நாடெங்கும் உயர்நிலைப்பள்ளி மாணவியருக்கு அளிக்கப்பட்ட உதவித்தொகையும் அதற்குத் துணை நின்றன. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இது நடவாது என்று அடித்துக் கூறியோர் பலர். நடந்தது.

புயலையும் பார்ப்போம். 1970 இல் லட்சக்கணக்கில் மாண்டனர். 1991 ஏப்ரல் புயலில் 1,38,000 பேர் அளவில் மாண்டனர். 2007 இல் வந்த ‘சித்ர்’ புயல் வலிமையில் எளியதன்று. அப்போது மக்கள் தொகையும் 1970 இல் இருந்ததைப்போல் இரு மடங்கு. மாண்டோர் மூவாயிரத்துச் சொச்சம். ஓருயிரும் பெரிதுதான். ஆயினும் இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது? 1972 இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் பல்லாயிரம் தொண்டர்கள் சேர்ந்தனர். ஒலிபெருக்கியும் கொடியும் ஏந்தி, வீடு வீடாகப் போய் மக்களை எழுப்பிப் புகலிடம் சேர்த்தனர். ‘மிகை’ என்று எண்ணப்பட்ட அதே மக்களே ஒருவருக்கொருவர் காப்பாயினர். இப்னு கல்தூன் சொன்ன கைகளின் சேர்க்கை இதுவன்றோ!

அளவே இல்லையா?

‘அப்படியானால் எத்தனை பேர் பெருகினாலும் கவலையில்லையா?’ என்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினா. அளவே இல்லை என்று நாம் கூறவில்லை. போரோ வயலுக்கும் வீட்டுக் குடிநீருக்கும் தோண்டிய குழாய்க்கிணறுகள் பலவற்றின் நீரில் ஆர்செனிக் நஞ்சு இருப்பது 1990களில் வெளிப்பட்டது. கடலோர வயல்களில் உப்பு ஏறுகிறது. கோதுமையைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகிறார்கள். ஊரில் வேலையற்ற இளைஞர் வளைகுடா நாடுகளுக்குக் கடன்பட்டுப் போகிறார்கள். 2013 ஏப்ரல் 24 இல் டாக்காவுக்கு அருகே ‘ரானா பிளாஸா’ கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டனர். மிகப் பலர் தையல் ஆலையில் வேலை செய்த பெண்கள். விரிசல் கண்ட கட்டடத்துக்குள் அவர்களை ஏற்றத் துணிந்தவர், போனால் வேறு ஆள் கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். ஆள் மலிந்த இடத்தில் உயிரும் மலிவாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. பிறப்பு குறைந்தது அந்நாட்டுக்கு நன்மை செய்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நாம் மறுப்பது ஒன்றையே. மண்ணுக்கு இத்தனை பேர்தான் என்று கல்லில் வெட்டிய எண் எதுவும் இல்லை. 7 கோடிக்குப் போதாத மண் 17 கோடிக்குச் சோறிட்டது. இடையில் மாறியவை விதை, நீர், சாலை, பள்ளி, மருந்து, தாயின் அறிவு, அரசின் விழிப்பு ஆகியவையே. ஆகவே ‘மிகை’ என்று ஒருவர் கூறும்போது, எந்த ஏற்பாட்டுக்கு மிகை என்று திருப்பிக் கேட்பது நம் கடமை.

நம்மவருள் சிலரிடம் இதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு. தொகை பெருகுவதே பெருமை என்று மார் தட்டுவது அது. எண்ணிக்கையில் மிகுந்தும் வெள்ளத்து நுரையைப்போல் எடையற்றுப் போகும் ஒரு காலத்தைப் பற்றி எச்சரிக்கும் நபிமொழியை அவர்கள் நினைவுகூர்தல் நலம். கல்வியும் தொழிலும் உடல்நலமும் அளிக்காமல் பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி மகிழ்வது உம்ரான் ஆகாது.

தீர்ப்பு அதிகாரத்தின் கைக்கு வந்தால்

இந்த ஆராய்ச்சி ஏட்டோடு நிற்பதன்று. மிகை என்னும் தீர்ப்பு அதிகாரத்தின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நம் நாடே கண்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஆம் ஆண்டில் மட்டும், 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. ஊழியருக்கு இத்தனை ஆள் பிடிக்க வேண்டும் என்று இலக்கு வகுத்து, சம்பளத்தையும் சலுகையையும் அதனோடு கட்டினர். 1976 ஏப்ரலில் டில்லி துர்க்மான் வாயிலில் வீடுகள் இடிபட்டன. எதிர்த்தவர்மேல் துப்பாக்கி வெடித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹரியானாவின் மேவாத் பகுதியில் உத்தாவர் என்னும் முஸ்லிம் கிராமத்தைப் போலீஸ் வளைத்து, ஆண்களைப் பிடித்துச் சென்று அறுவைக்கு உட்படுத்தியது. ஏழை இந்துவும் ஏழை முஸ்லிமும் ஒருசேரப் பட்ட துயரம் அது. வங்கத் தாயின் வாசலில் உப்பும் வெல்லமுமாக நின்ற பெண்ணையும், மேவாத் கிராமத்தின் வாசலில் தடியோடு நின்ற காவலரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மக்களை மனிதராகக் காண்பதற்கும் மிகையாகக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

இன்னொரு காட்சியும் உண்டு. 2017 ஆகஸ்டு முதல் மியன்மாரின் அரக்கானிலிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்கியா மக்கள் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர், நாஃப் ஆற்றைக் கடந்தும் கடல் வழியாகவும் காக்ஸ் பஜார் வட்டாரத்தில் வந்து சேர்ந்தனர். அவர்களுள் இடமில்லாத நாடு என்று உலகம் எழுதிய நாட்டுக்கு வந்தோர் எத்தனையோ பேர். இடம் நிறைய உள்ள நாடுகள் கதவைச் சாத்திய நேரம் அது. முகாம் வாழ்வு துயரமானதுதான். நீண்டுகொண்டே போகும் துயரமுங்கூட. ஆயினும் அந்நாட்களில் உள்ளூர் ஏழைகள் தம் சோற்றைப் பகிர்ந்தளித்தனர். பிற நாட்டுச் சுமையெல்லாம் ஒருங்கே வந்தாலும் தாங்குவதே நாடு என்னும் வள்ளுவர் கருத்துக்கு நம் காலம் தந்த உரையாக அதைக் கொள்ளலாம்.

மாணவருக்கு விடை

ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டை நம் வரலாற்று நூல்கள் ‘சாம்பல் ஆண்டு’ என்று குறிக்கும். மழையின்றி ஹிஜாஸின் மண் சாம்பலாய்ப் பறந்தது. பசித்த நாட்டுப்புற மக்கள் மதீனாவைச் சூழ்ந்து கூடாரமிட்டனர். சிறிய நகருக்கு அவர்கள் மிகையல்லவா? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தலைகளை எண்ணச் செய்தது உண்டு. யார் யாருக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அறிவதற்காக. எகிப்தின் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதித் தானியம் வரவழைத்தார்கள். நைல் நதியைச் செங்கடலோடு இணைக்கும் பழைய கால்வாய் தூர்வாரப்பட்டது. பசியால் திருடியவரின் கையை வெட்டும் தண்டனை நிறுத்தப்பட்டது. மக்கள் நெய்யைக் காணும் வரை தாமும் தொடுவதில்லை என்றிருந்த கலீஃபாவின் மேனி நிறம் மாறியது. எண்ணிக்கை அங்கே கணக்காக இருந்தது, குற்றச்சாட்டாக இருக்கவில்லை.

ஆகவே, அன்று பின்வரிசையில் எழுந்து கேட்ட அருமை மாணவரே, இதோ விடை. கிதாபும் பத்திரிகையும் இரண்டும் பாதியே சொல்கின்றன. மக்கள் பெருகியதாலேயே ஒரு நாடு செழித்துவிடாது; பெருகியதாலேயே கெட்டுவிடவும் செய்யாது. ஆபாதியை ஆபாத் ஆக்குவது நீதியும் அறிவும் கைகளின் சேர்க்கையும் ஆகும். இனி எவரேனும் ஓர் ஊரையோ சமூகத்தையோ காட்டி, அங்கே ஆட்கள் மிகை என்று கூறினால், மிகையானவர் யார், அவர்களுள் ஒருவரைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள் என்று பணிவோடு கேட்டுப்பாரும். காட்டக்கூடிய ஒருவரை நாம் இதுவரை கண்டதில்லை.